உண்மையைச் சொல்லவும் முடியாமல், முகம் பார்க்கவும் முடியாமல்: நண்பரின் புற்றுநோய் குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகர், அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. ஆறாம் வகுப்பிலிருந்து உடன் படித்த நண்பர், அதே ஊர்க் கடைவீதியில் ஹார்டுவேர் கடை நடத்துகிறார். சென்ற ஆண்டு நண்பருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது; எடையும் மளமளவென்று குறைந்தது. "வாக்கிங் நல்லா வேலை செய்யுது மாப்ள" என்று வாசகர் அவரைப் பாராட்டியிருக்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் கண்ணெல்லாம் மஞ்சளாகி, உடம்பு முழுவதும் அரிப்பெடுத்து, மதுரைக்கு அழைத்துச் சென்றபோதுதான் கணையத்தில் புற்றுநோய் என்பதும் அது கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்பதும் தெரியவந்திருக்கின்றன. பித்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து மஞ்சள் காமாலையைக் குறைத்திருக்கிறார்கள், கீமோ தொடங்கியிருக்கிறது.

நண்பரிடம் "கணையத்தில் வீக்கம்" என்று மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. அவருடைய மனைவியும் பெங்களூருவில் வேலை பார்க்கும் மகனும், "தெரிஞ்சா அன்னைக்கே மனசு ஒடிஞ்சு படுத்துருவாரு, நீங்களும் காட்டிக்காதீங்கண்ணே" என்று வாசகரிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். ஒரு மாலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நண்பர் இவரிடம், "எல்லாரும் எதையோ மறைக்கிறீங்க. நீயாவது சொல்லுடா" என்று கேட்டிருக்கிறார். இவர் சிரித்து மழுப்பிவிட்டு வந்தவர், முழங்கால் வலி என்று காரணம் சொல்லி, அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. வாக்கைக் காப்பாற்றுவதா, நண்பனிடம் உண்மையைச் சொல்வதா என்பது அவருடைய முதற்கேள்வி. வலியைக் குறைக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையை "அது கடைசிக் கட்டத்துக்குக் குடுக்குறது" என்று நண்பரின் மைத்துனர் நிறுத்திவைத்திருப்பது சரியா என்பது இரண்டாவது. 2024-இல் கடைக்காக நண்பருக்கு எழுத்து எதுவும் இல்லாமல் கொடுத்த மூன்று லட்சம் ரூபாயை இந்த நேரத்தில் நினைத்துப் பார்ப்பதே தனக்கு அருவருப்பாக இருக்கிறது என்கிறார். தான் அன்றே எச்சரித்திருந்தால் நண்பன் பிழைத்திருப்பான் என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் திடீரெனச் சர்க்கரை நோய் வந்து, காரணமில்லாமல் எடையும் குறைந்தால் கணையத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்பது உண்மையே. அதை நீங்கள் எங்கோ படித்துவிட்டு, ஒரு பாராட்டு வார்த்தையால் நண்பனைக் கைவிட்டதாக எழுதுகிறீர்கள். ஆனால் சர்க்கரை புதிதாக வருபவர்களில் மிக மிகச் சிலருக்கே அதன் பின்னால் கணையப் புற்றுநோய் இருக்கிறது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் உறுப்பு. அங்கே கட்டி வளர்வது கைக்குத் தட்டுப்படாது. பெரும்பாலும் அது பித்தக் குழாயை நெருக்கிக் காமாலை வந்த பிறகோ, நரம்புகளைத் தொட்டு முதுகு வலி வந்த பிறகோதான் வெளியே தெரிகிறது. மார்பகத்துக்கு மேமோகிராம் இருப்பதுபோல் எல்லோருக்கும் செய்து பார்க்கத்தக்க முன்னறியும் பரிசோதனை இந்த நோய்க்கு இன்னும் இல்லை. கண்டுபிடிக்கப்படும்போது அறுவை சிகிச்சை செய்யத்தக்க நிலையில் இருப்பவர்கள் நூற்றில் ஏறத்தாழ 15 முதல் 20 பேர்தான். மருத்துவர்கள் கண்ணுக்கே தப்பிவிடும் நோயை ஒரு மெக்கானிக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்க்கிறீர்கள்?

சொல்வதா, மறைப்பதா?

மருத்துவமனைகளில் நான் அன்றாடம் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. ஸ்கேன் முடிவு வந்ததும் மருத்துவர் "அட்டெண்டர் யாரு?" என்று கேட்டு மகனைத் தனியே அழைத்துவிடுகிறார். நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போன மகன் முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறான். அந்த நிமிடமே அவருக்குப் பாதி தெரிந்துவிடுகிறது. பிறகு ஃபைல் பீரோவின் மேல்தட்டுக்குப் போகிறது. மாத்திரை அட்டையில் பெயர் இருக்கும் பக்கம் கத்தரித்து எடுக்கப்படுகிறது. அவர் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கிறது. கீமோ ஏற்றும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்டிருப்பார் என்பதை வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. உங்கள் நண்பர் நாற்பது ஆண்டுகளாகக் கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே கடன் சொல்வாரா, காசு தருவாரா என்று கணித்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா? அவர் உங்களைத் தனியாகக் கேட்டதை, எனக்குத் தெரியும், இதைப் பேச எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்ற அழைப்பாகவே நான் படிக்கிறேன்.

அதற்காக நாளைக்கே போய் உடைத்துச் சொல்லிவிடுங்கள் என்று கூறமாட்டேன். உங்கள் கேள்வி இரண்டே வழிகள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. இடையில் நடக்க நிறைய இடம் இருக்கிறது. நோயின் பெயரையும் அதன் போக்கையும் சொல்லும் கடமை மருத்துவருக்கு உரியது. "இதற்கு வைத்தியம் உண்டா, கல்லீரல் வரைக்கும் போயிருக்கா, எவ்வளவு நாள்?" என்று அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கு உங்களால் சரியான பதில் தர முடியாது. தவறான பதில் ஒன்று, மௌனத்தைவிட அதிகமாகக் காயப்படுத்தும். மேலும், மனைவிக்கும் மகனுக்கும் தெரியாமல் நீங்கள் சொன்னது பின்னர் வெளிப்பட்டால், அந்த வீட்டின் வாசல் உங்களுக்கு அடைபடக்கூடும். அந்த நேரத்தில் நண்பருக்கு உங்கள் துணையும் இல்லாமல் போகும்.

அதேபோல், பொய்யைத் தொடரவும் நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். நீங்கள் கொடுத்த வாக்கு, நானாகச் சொல்ல மாட்டேன் என்ற அளவுக்குத்தான் செல்லும். அவர் கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது "ஒண்ணுமில்லடா, பத்து நாள்ல சரியாயிரும்" என்று சொல்ல அது உங்களைக் கட்டாயப்படுத்தாது. அடுத்த முறை கேட்டால், "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் பேசும்வரை காத்திருங்கள். பேசினால் மறுக்காமல் கேளுங்கள். "இதை டாக்டர்கிட்டயே கேட்கலாம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லலாம். இதில் பொய்யும் இல்லை, வாக்குத் தவறுதலும் இல்லை. சிலர் அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள். மழையைப் பற்றியோ சிமெண்ட் விலையைப் பற்றியோ கேட்பார்கள். அறிந்துகொள்ளாமல் இருப்பதும் நோயாளியின் உரிமைதான். அப்படியானால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

குடும்பத்திடம் பேச வேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் அந்த வீட்டில் "அண்ணே" என்று அழைக்கப்படுகிறவர் நீங்கள். "அவர்கிட்ட சொல்லுங்க" என்று வாதாடாதீர்கள். அவர்கள் பயத்தோடு இருப்பவர்கள், வாதம் பயத்தை இறுக்கும். "அவன் என்கிட்ட நேராவே கேட்டான்ம்மா, எனக்குப் பதில் சொல்ல முடியலை" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான மனைவியர் அந்த இடத்தில், "என்கிட்டயும் கேட்டாரு" என்று அழுவார்கள். அதன்பின் மூவரும் சேர்ந்து மருத்துவரிடம் போய், நண்பர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவை, அவர் கேட்கும் வரிசையில் சொல்லுமாறு வேண்டலாம். உண்மை தெரிந்த அன்றே படுத்துவிடுவார் என்ற அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. சொன்ன நாளில் அழுகை இருக்கும், சில நாள் சாப்பாடும் தூக்கமும் இருக்காது. பிறகு பெரும்பாலானவர்கள் கணக்கு வழக்கு, மகளின் வளைகாப்பு, குலதெய்வம் கோயில் என்று தங்களுக்கு முக்கியமானவற்றைப் பேசத் தொடங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஊரே அறிந்ததைத் தனக்கு மட்டும் மறைத்தார்கள் என்று கடைசியில் தெரிந்துகொள்கிறவரின் கோபத்தை ஆற்றுவதுதான் மிகக் கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மகனிடம் சொல்லிவைக்கலாம், மிரட்டலாக அல்ல. சுயநினைவுள்ள வயதுவந்த ஒருவருக்கான சிகிச்சைக்கு அவர்தான், போதிய விவரங்களை அறிந்து, சம்மதம் தர வேண்டும்; உறவினரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் தெளிவாகக் கூறியிருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளோ, நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கின்றன. நோயாளி, உறவினர்கள் அல்லது "பொறுப்பான நண்பர்கள்" நிலைமையைத் தேவையான அளவு அறிந்திருப்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. நண்பர் என்பவருக்கு விதிப்புத்தகத்திலும் ஓர் இடம் இருக்கிறது என்பதை உங்களுக்காகவே குறிப்பிடுகிறேன். தன் நோயைப் பற்றித் தெரிந்துகொண்டால், உங்கள் நண்பர், தான் நினைவிழக்கும் நிலை வந்தால் வென்டிலேட்டர் போன்றவை வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் முடியும். 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அந்த ஆவணத்தின் நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும்.

மார்ஃபின்: மைத்துனரின் பயம்

இதை உடனே கவனியுங்கள், மற்றவை ஒரு வாரம் பொறுக்கலாம். நண்பர் இரவில் மல்லாந்து படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கணைய வலியின் அடையாளம். வயிற்றின் மேற்பகுதியில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும். படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் சற்றுத் தணியும். அந்த வலியைப் பாராசிட்டமால் தொடாது.

மார்ஃபினை எப்போது தொடங்குவது என்பதைத் தீர்மானிப்பது வலியின் அளவு. ஆயுளின் அளவு அல்ல. மருத்துவர் சொன்ன அளவில், வலிக்கு ஏற்பப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலி அடங்கிய ஒருவர் தூங்குகிறார், நாலு வாய் சாப்பிடுகிறார், பேசுகிறார். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரமே நீடிக்கும் என்பதால், வலி வந்தபின் கொடுப்பதைவிடக் கடிகாரம் பார்த்துக் கொடுப்பதே முறை. முதல் இரண்டு மூன்று நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம், தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. எனவே மலமிளக்கி மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மாத்திரையைத் தானாகக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ கூடாது. அதோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேரக் கூடாது. எழுப்பினாலும் எழாத அளவு தூக்கமோ, மூச்சு மிக மெதுவாவதோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மைத்துனரின் பயத்துக்கு வரலாறும் ஒரு காரணம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமச் சிக்கலுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கிவைப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே நிலைமை சற்று இளகியது. அதனால் நம் ஊர்களில் ஒரு தலைமுறையே அந்த மருந்தைச் சாவின் வாசலில் மட்டும் பார்த்தது. மாத்திரையால் வலி கட்டுப்படாவிட்டால், கணையத்துக்குப் பின்னாலுள்ள நரம்புப் பின்னலுக்கு ஊசி போட்டு வலியைத் தடுக்கும் முறையும் இருக்கிறது. அதைப் பற்றி வலி மருத்துவரிடம் கேளுங்கள். வலி நிவாரணம், நோய் ஆதரவு சிகிச்சை என்ற பிரிவு பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செயல்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடலாம். கீமோவை நிறுத்திய பிறகுதான் இந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதும் தவறான எண்ணம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ரெண்டு வாயாவது" என்று வற்புறுத்துவதால் இந்த நோயில் உடம்பு தேறுவதில்லை; பசியின்மை நோயின் வேலை. கேட்பதை, கேட்கும்போது, சிறிதளவு கொடுத்தால் போதும். கணையச் சாறு குறைந்து எண்ணெய்ப் பசையான மலம் போனால், அதற்கு ஈடான மாத்திரைகள் இருக்கின்றன.

மூன்று லட்சம் ரூபாய்

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அது பெரிய தொகை. நான் வழக்கறிஞர் அல்லன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கைமாற்றுக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு சாதாரணமாக மூன்று ஆண்டுகள். அதற்குள் கடன் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். அவருக்குப் பின், அவர் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பாவார்கள். ஆனால் படுக்கையருகே இதை நீங்களாக எடுக்காதீர்கள். தன் நிலைமை தெரிந்த வியாபாரி, யார் யாருக்கு எவ்வளவு என்று தானே ஒரு நோட்டைக் கொண்டுவரச் சொல்வார். அப்போது உங்கள் பெயர் தானாக வரும். தெரியாத வியாபாரி இன்னும் ஆணி மூட்டைக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருப்பார். உயில் எழுதுவதற்கு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும், பதிவு கட்டாயமில்லை. அதற்கும் தனக்கு நேரம் குறைவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகனிடம் பேசும்போது, உங்கள் தொகையைக் குறிப்பிடாமல், கடையின் கொடுக்கல் வாங்கல் அப்பாவின் தலைக்குள்தானே இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். விட்டுக்கொடுப்பதா, கேட்பதா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

உங்களைப் பற்றி

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் என்று படித்தேன், ஏற்றுக்கொள்ளும் நிலை எனக்கு வரவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்ததை வைத்து. ஒன்று முடிந்து மற்றொன்று என்று வகுப்பு மாறுவதுபோல் எல்லோரும் அவற்றைக் கடப்பதில்லை. காலையில் ஒத்துக்கொண்டதை மாலையில் மனம் மறுக்கும். நண்பன் உயிரோடிருக்கும்போதே அவனுக்காகத் துக்கப்படுவது அபசகுனமும் அல்ல, துரோகமும் அல்ல, நேசிப்பவர்களுக்கு நேர்வதுதான்.

உங்கள் துயரத்துக்கு இன்னொரு கனம் இருக்கிறது. நம் வழக்கத்தில் மாமன், மச்சான், பங்காளி, சம்பந்தி என்று ஒவ்வொருவருக்கும் நல்லதிலும் கெட்டதிலும் ஒரு முறை இருக்கிறது. யார் கோடி போடுவது, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் முன்பே முடிவானவை. ஐம்பது ஆண்டு நண்பனுக்கு அந்தப் பட்டியலில் பெயர் கிடையாது, பந்தலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். இன்னும் நடக்காத அந்த நாளைக் கற்பனை செய்து பயப்படுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் நடுப்பகுதி சொல்கிறது. நோய் இருக்கும் வீட்டில் நிலைமை வேறு, ஐயா. அங்கே முறைக்காரர்கள் பழத்தோடு வந்து அரைமணி நேரத்தில் போய்விடுவார்கள். மருந்து வாங்கிவரவும், மருத்துவமனை வரிசையில் நிற்கவும், நண்பரின் மனைவி இரண்டு மணி நேரம் தூங்குவதற்காக அருகில் உட்காரவும் ஆள் தேவைப்படும். அந்த இடம் காலியாக இருக்கிறது.

போகும்போது என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பேச வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நீங்கள் வழக்கமாக எதைப் பேசி நேரம் போக்குவீர்களோ அதையே பேசலாம், ரேடியோவைப் போட்டுவிட்டுச் சும்மாவும் இருக்கலாம். வராமல் இருந்த நாட்களுக்கு முழங்காலைக் குற்றம் சொல்லாமல், "பயமா இருந்துச்சுடா" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு அது புரியும். கண்ணீர் வந்தால் வரட்டும். முள் சீத்தா இலைச் சாறு பற்றிய வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கீமோ நடக்கும்போது மருத்துவருக்குத் தெரியாத எதையும் சேர்ப்பது ஆபத்து. பள்ளித் தோழர்கள் வேன் எடுத்துக்கொண்டு ஒன்றாக வர விரும்புவதாகச் சொன்னீர்கள். கீமோவின்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், தொற்று எளிதில் வரும். ஒருநாளைக்கு இரண்டு பேர், காய்ச்சல் சளி இல்லாதவர்கள், கால்மணி நேரம் என்று நீங்கள் முறை போட்டுக்கொடுங்கள். நோயின் பெயரைத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டாம். அவருக்கே சொல்லாததை இருபத்தைந்து பேருக்குச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

சில வாரங்களாக உங்களுக்கும் வயிறு வலிக்கிறது என்கிறீர்கள். புற்றுநோய் ஒட்டுவதில்லை. நெருங்கியவருக்கு நோய் என்றதும் அதே இடத்தில் வலியை உணர்வது மிகப் பரவலானது. இருந்தாலும் உங்கள் வயதில் அதை ஊகத்துக்கு விட வேண்டாம். ஒருமுறை பொது மருத்துவரிடம் காட்டி, சர்க்கரையும் ஒரு வயிற்று ஸ்கேனும் பார்த்துவிடுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதில் பிடிப்பில்லை என்ற எண்ணம் வந்தாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

முதல் வேலையாக மைத்துனரை அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைப் பற்றி மருத்துவர் வாயாலேயே மைத்துனர் கேட்கட்டும். அடுத்த கீமோ தேதிக்கு முன் ஒரு மாலை நண்பரின் மனைவியிடம் பேசுங்கள். அதற்கும் முன்னால், இன்றோ நாளையோ, நண்பர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.